‘தண்ணி லாரி’ என்று சொன்னவர்

1

போன மாதம் கிள்ளானில், நான் ஓட்டும் தொழிற்சாலை வேனின் இடது பக்கத்தில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளோடு வந்து மோதி விழுந்தான். தோள் எலும்பில் விரிசல். உயிருக்கு ஒன்றுமில்லை. நான் சந்துக்குள் திரும்பும்போது சிக்னல் போட மறந்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி சரசுவிடமும் மகள் தர்ஷினியிடமும் இதை அப்படியே சொன்னேன்.

இங்கே விபத்து நடந்தால் ஒரு நாளுக்குள் போலீஸில் போய் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இந்த மலேசியாவில் இருக்கிறேன். என் மலாய் மீன் வாங்கவும் டயருக்குக் காற்று அடிக்கவும் போதும். போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு தர்ஷினி கூட வந்தாள். அவள் சரசுவின் முதல் திருமணத்தில் பிறந்தவள். நான் சரசுவைக் கட்டியபோது அவளுக்குப் பத்து வயது. இப்போது பத்தொன்பது. என்னை அப்பா என்று கூப்பிடும்படி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே ஒருநாள் கூப்பிட்டாள்.

ஸ்டேஷனில் போலீஸ் சார்ஜன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். நான் தமிழில் சொல்ல, அவள் மலாயில் சொல்லிக்கொண்டு வந்தாள். சந்து வரும்வரை எல்லாம் சரியாகப் போனது.

“நான் சிக்னல் போட்டுட்டுதான் திரும்பினேன். அவன் ரொம்ப ஸ்பீடா வந்தான். கையில போன் வெச்சிருந்தான்னு நினைக்கிறேன்” என்றேன்.

தர்ஷினி நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

“ப்பா, வீட்ல வேற மாதிரி சொன்னீங்க.”

“அது வீடு. இது ஸ்டேஷன். சொல்றதைச் சொல்லு.”

அவள் சார்ஜன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டியபடி தட்டிக்கொண்டே போனார்.

“என்ன சொன்ன?”

“வீட்ல சொன்னதைச் சொன்னேன்.”

எனக்கு அபராதம் போட்டார்கள். அந்த இளைஞனின் மருத்துவச் செலவு வேனின் இன்சூரன்ஸில் போகும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தோம். வேறொன்றும் நடக்கவில்லை.

காரில் ஏறியபின் அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“பொய் சொல்றப்போ உங்க தமிழ் ரொம்ப நல்லா வருது லா, ப்பா. எங்க கத்துக்கிட்டீங்க?”

நான் காரைக் கிளப்பினேன். கற்ற இடம் தாம்பரம். கற்ற தொழிலை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சரசுவிடம்கூட. உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

2

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, விசாகப்பட்டினத்தில் மெஸ், நாலு வருஷம் லாரியில் கிளீனர். ஓர் இடத்தில் ஆறு மாதம் தங்கினால் உடம்பு அரிக்கும். கடைசியில் தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் சேர்ந்தேன். விபத்து நஷ்டஈட்டு வழக்கு மட்டும் நடத்துகிறவர். அவருக்குக் கேஸ் பிடித்துக் கொடுப்பது என் வேலை.

நீங்கள் ஜி.எச். அவசரப் பிரிவு வாசலில் என்னைப் போன்ற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் பேனா, கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் கையெழுத்துக்குக் காத்திருக்கும் வக்காலத்துத் தாள்கள். பிணந்தின்னிகள் என்று திட்டியிருப்பீர்கள். திட்டு நியாயம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடிபட்டு வருகிறவருக்கு அந்த நேரத்தில் வக்கீல் தேவையில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். ரத்தம் எங்கே கேட்பது, ஸ்கேனுக்கு எந்த மாடி, போலீஸ் எப்போது வருவார் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இருந்தேன். மூன்றாவது நாள் கவரைத் திறப்பேன். அதற்குள் அந்தக் குடும்பத்துக்கு நான் தம்பி ஆகியிருப்பேன்.

கேஸுக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பொத்தேரி வரைக்கும் கல்லூரிகள், ஹாஸ்டல்கள். இந்தப் பக்கம் மேடவாக்கம், கோவிலம்பாக்கம் எல்லாம் வருஷத்துக்கு ஒரு ஊர் அளவுக்கு வளர்ந்தது. வீடு வந்த வேகத்துக்குக் குழாய் வரவில்லை. தண்ணீர் லாரி வந்தது. ஒரு நாளைக்கு இத்தனை நடை அடித்தால்தான் டிரைவருக்குச் சம்பளம் என்பதால், காலையில் அந்தச் சாலையில் அவை ஓடும் ஓட்டம் உங்களுக்கே தெரியும்.

தேவசகாயம் அண்ணனை அப்படி ஒரு லாரிதான் அடித்தது.

3

அவர் பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். வீடு கோவிலம்பாக்கம். காலையில் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனவரின் வலது காலில் லாரியின் பின்சக்கரம் ஏறிவிட்டது. லாரி நிற்கவில்லை. ஜி.எச்.சுக்குக் கொண்டுவந்தபோது நான் வாசலில் இருந்தேன். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் என் கை. டியூட்டி டாக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். அண்ணன் கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

“தண்ணி லாரி.”

டாக்டர் அதைப் பதிவேட்டில் எழுதினார். விபத்து கேஸ் எது வந்தாலும் முதலில் எழுதுவது அந்தப் பதிவேட்டில்தான். அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்போம்.

மறுநாள் அவர் மனைவி மெர்சி அக்கா என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். சபையில் கொடுக்கும் அறிவிப்புத் தாள். அதன் பின்பக்கத்தில் ஒரு வண்டி நம்பர்.

“ரோட்டோரத்துல இளநீ விக்கிறவரு பாத்து எழுதிக் குடுத்தாரு தம்பி. இதுதான் அந்த லாரி.”

மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. தண்ணீர் லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்காது. அந்த வண்டி மேல் கேஸ் போட்டால் தீர்ப்பு வரும், கொடுக்க ஆள் இருக்காது. அதனால் அனுபவசாலிகள் செய்வது, இன்சூரன்ஸ் உள்ள வேறு வண்டியைக் காட்டுவது. டிரைவர் ஒப்புக்கொண்டு கோர்ட்டில் ஃபைன் கட்டிவிடுவான். காயம் உண்மை, வண்டி மட்டும் பொய். இதைத் தப்பு என்று நாங்கள் நினைக்கவில்லை. ஏழைக்குச் செய்யும் உதவி என்று நினைத்தோம். டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொள்வோம்.

என் சிநேகிதன் பாபு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்டேன்.

“இன்னா மச்சான், நான் இட்ச்சேன்னு சொல்லணுமா? நான் அன்னிக்கு அந்த ரோட்டாண்டயே வர்ல.”

“ஃபைனை நான் கட்டுறேன்டா.”

“ஃபைனு கெடக்குது. நாளைக்கு லைசென்ஸ்ல கை வெச்சானுங்கன்னு வையி, பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு உன் வூட்டாண்ட வந்து குந்திக்குவேன். சோறு நீதான் போடணும்.”

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். அண்ணன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, காலில் கம்பிகளோடு, என்னையே பார்த்தார்.

“தம்பி, என்னை இடிச்சது லாரி. ஷேர் ஆட்டோன்னு நான் எப்படிச் சொல்றது?”

“அண்ணா, தண்ணி லாரிக்கு எவன் இன்சூரன்ஸ் கட்டுறான்? உங்க கால் போனது நிஜமா இல்லையா?”

“நிஜம்தான்.”

“அப்புறம் என்னண்ணா? வண்டியை மட்டும்தான் மாத்துறோம்.”

மெர்சி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “இதுக்குப் பேரு பொய்தானே தம்பி?” என்றார்.

“பொய் இல்லக்கா. கோர்ட்டுக்குப் புரியற மாதிரி சொல்றது.”

அந்த வாக்கியம் எவ்வளவு அழகாக வந்தது என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மூன்று நாள் பேசினேன். நான்காவது நாள் கையெழுத்துப் போட்டார். ஆட்டோ இடித்ததாகப் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தோம். டாக்டர் பதிவேட்டில் எழுதியதை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

சபைத் தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த நம்பரை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை போயிருந்தால், இன்சூரன்ஸ் உண்டா இல்லையா என்று தெரிந்திருக்கும். பஸ்ஸில் கால்மணி நேரம். நான் போகவில்லை. தெரிந்த விஷயத்துக்கு ஏன் போக வேண்டும்? சட்டையைச் சலவைக்குப் போட்டபோது தாளும் போனது.

4

இரண்டு வருஷம் கழித்துச் செங்கல்பட்டுக் கோர்ட்டில் விசாரணை வந்தது. நான் பின்வரிசையில் சுவரோரம் நின்றிருந்தேன். அண்ணன் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்தபடி பதில் சொன்னார். குரல் மட்டும் அவருடையதாக இல்லை.

அடுத்து இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். மிரட்டுவார் என்று சொல்லி வைத்திருந்தோம். அவர் மிரட்டவில்லை. ஏ.ஆர். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“அடிபட்ட அன்னிக்கு டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க ஐயா?”

அண்ணன் தலையைத் திருப்பிச் சுவரோரம் பார்த்தார். நான் அவர் பார்வையைத் தவிர்த்து மின்விசிறியைப் பார்த்தேன்.

“தண்ணி லாரி” என்றார்.

“அப்போ ஷேர் ஆட்டோ?”

“ஆட்டோ இடிக்கல.”

கோர்ட்டில் சின்னச் சலசலப்பு. எங்கள் வக்கீல் தாள்களைப் புரட்டத் தொடங்கினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பிறகு ஏன் இப்படி மனுப் போட்டீங்க? யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார்.

அங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையையாவது தூக்கியிருக்கலாம். எனக்கும் அவருக்கும் இடையில் இருந்தது நாலு பெஞ்சு.

“யாரும் சொல்லல சார். நானேதான்.”

தன் வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும் என்று நினைக்கிறேன். அதில் இரண்டு எனக்காக. ஒன்று நான் சொல்லச் சொன்னது. மற்றது, என்னைக் காப்பாற்ற அவராகச் சொன்னது.

நான் வெளியே போய் மசால்வடை வாங்கித் தின்றேன். பசித்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. இரண்டாவது வடையைக் கடித்தபோது மெர்சி அக்கா வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“அவருக்குப் பாத்ரூம் போகணும் தம்பி. ஆம்பளைங்க பக்கம் நான் போக முடியாது. கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?”

போய்ப் பிடித்துக்கொண்டேன். அவர் கை முழுக் கனத்தோடு என் தோளில் இருந்தது. படி இறங்கும்போது நின்றார். இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன்.

“சாப்ட்டியா?” என்றார்.

“சாப்ட்டேண்ணா.”

அதுதான் நான் அவரிடம் நேரில் பேசிய கடைசிப் பேச்சு.

மனு தள்ளுபடியானது. பாபு மேல் போலீஸ் விசாரணை வந்து, லைசென்ஸ் போனது. அவன் சொன்னபடி என் வீட்டுக்கு வந்தானா என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டில் இல்லை. வக்கீல், கொஞ்ச நாள் கண்ணில் படாதே என்றார். ஒரு ஏஜெண்டைப் பிடித்து டூரிஸ்ட் விசாவில் கோலாலம்பூரில் இறங்கினேன். ஊர் விட்டு ஊர் போவது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள் ஓட்டத்தையும் ஒளித்து வைத்துவிட்டேன். இங்கே கேட்டவர்களிடம், பிழைப்புக்காக வந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

5

இங்கே கஷ்டம் இருந்தது. பெர்மிட் இல்லாமல் இருந்த நாட்களில் போலீஸ் வண்டியைக் கண்டால் சாக்கடையில் இறங்கி நின்றிருக்கிறேன். கோழிப் பண்ணை, கார் கழுவும் கடை, பிறகு வேன். சரசுவைக் கட்டிய பிறகு தாள்கள் ஒழுங்காயின. வருஷாவருஷம் இமிக்ரேஷனில் நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்து புதுப்பிக்கிறேன். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. பலரும் படுவதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள், பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் மெர்சி அக்காவிடமிருந்து செய்தி வந்தது. சேலையூரில் இருக்கும் என் தங்கையிடம் நம்பர் வாங்கியிருக்கிறார்.

‘தம்பி, மெர்சி அக்கா. நல்லா இருக்கியா? ஹைகோர்ட்ல போட்ட அப்பீல் அப்படியே கெடக்கு. இப்போ இலவச சட்ட உதவில ஒரு மேடம் எடுத்திருக்காங்க. அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்திருக்கு. வண்டியை யார் மாத்தினது, ஏன் மாத்தினதுன்னு நீ ஒரு வாக்குமூலம் குடுத்தா உதவியா இருக்கும்னு சொல்றாங்க.’

‘அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்திருக்கு’ என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

நான் பதில் போடவில்லை. வாக்குமூலம் கொடுத்தால் மோசடி வழக்கு என் மேல் திரும்பும். ஊருக்குப் போக முடியாது. சரசுவுக்குத் தெரிந்துவிடும். இப்படிப் பல காரணங்கள். அக்கா மறுபடி கேட்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வசனப் படம் அனுப்புவார். பார்த்ததற்கு இரண்டு நீலக் குறி அவருக்குப் போகும். அதற்கு மேல் எதுவும் போகாது.

6

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று மாலை, சமையலறை மேஜையில் சரசுவிடமும் தர்ஷினியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சரசு பாதியிலேயே எழுந்துபோய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த அடுப்பு. தர்ஷினி கடைசிவரை கேட்டாள். பிறகு என் போனை எடுத்து அந்தச் செய்தியைத் தேடி என் முன்னால் வைத்தாள்.

“கூப்பிடுங்க.”

அக்காதான் எடுத்தார். என் பெயரைச் சொன்னதும், “இரு, அவர்கிட்ட குடுக்குறேன்” என்றார்.

“என்னப்பா,” என்றார் அண்ணன், “மூணு வருஷமா டைப் பண்ணிக்கிட்டு இருந்தியா?”

கோவிலம்பாக்கத்தில் மெட்ரோவுக்கு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறான், ஊன்றுகோலை வைக்க இடமில்லை, வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை என்றார். காலில் இருக்கும் கம்பியை எடுக்க மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். பள்ளிக்கூட வேலை எப்போதோ போய்விட்டது. அக்கா டியூஷன் எடுக்கிறார்.

“அண்ணா, இன்சூரன்ஸ் இருந்ததுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“லாரி ஓனரே வந்து சொன்னாரு. பக்கத்து ஊர்க்காரர்தான். நெலத்தை வித்து லாரி வாங்கினவரு. டிரைவர் பயந்துக்கிட்டு அவர்கிட்டயும் சொல்லல, பல வருஷம் கழிச்சுதான் சொல்லியிருக்கான். ‘ஒரு வருஷம்கூடத் தவறாம கட்டினேன் சார், என் வண்டின்னு சொல்லியிருக்கக் கூடாதா?’ன்னு நம்ம வீட்டுல உக்காந்து அழுதாரு. நான்தான் காபி குடுத்து அனுப்பினேன்.”

அவரே தொடர்ந்தார்.

“அடுத்த மாசம் அப்பீல் விசாரணைக்கு வருது. இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்னு மேடம் சொல்றாங்க. ஆனா தம்பி, எழுதிக் குடுத்தா உன் மேல கேஸ் வரும். உனக்குக் குடும்பம் இருக்கு. யோசிச்சுக்க.”

“யோசிச்சுட்டேண்ணா.”

“இவ்ளோ நாள் யோசிச்சவன், இன்னும் ரெண்டு நாள் யோசி” என்று போனை வைத்தார்.

7

இரண்டாம் நாள் அந்த மேடம் வீடியோவில் வந்தார். முப்பது வயது இருக்கும். பின்னால் கட்டுக்கட்டாகக் கேஸ் கட்டுகள். வாக்குமூலத்தை அவர் தயார் செய்து அனுப்புவார். நான் கோலாலம்பூரில் நம் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, லாரியைச் சேர்த்து மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். என் மேல் வழக்கு வரலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை மொழிபெயர்க்க அல்ல.

பெயர், வயது, தொழில், எப்போது, எங்கே எல்லாம் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“சார், முக்கியமான கேள்வி. உண்மையான லாரி நம்பர் கையில இருந்தும் ஏன் வேற வண்டியைக் காட்டச் சொன்னீங்க? லாரி தரப்புல யாராவது மிரட்டினாங்களா? உங்க வக்கீல் வற்புறுத்தினாரா? ஒரு அழுத்தமான காரணம் இருந்தா கோர்ட்டுக்குப் புரியும்.”

காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஒரு நொடியில் எல்லாம் கோர்வையாக எனக்குள் வந்து நின்றது. ஜி.எச். வாசலில் ஜீப்பில் வந்த இரண்டு பேர், என் சட்டைக் காலரைப் பிடித்தது, பெயர் தெரியாது மேடம், இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. அண்ணனுக்கும் அது உதவும். என் பேரும் பாதி சுத்தமாகிவிடும். வாக்கியங்கள் அழகாக இருந்தன. அத்தனை அழகாக வந்ததால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

“யாரும் மிரட்டல மேடம். வக்கீலும் சொல்லல” என்றேன். “தண்ணி லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்காதுன்னு நெனச்சேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்துலதான் இருந்துச்சு. போய்ப் பார்க்கல.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேறு ஏதோ வரும் என்று காத்திருந்தார்.

“அவ்வளவுதானா சார்?”

“அவ்வளவுதான் மேடம்.”

மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நிறுத்திவிட்டு, தட்டியதைப் படித்துக் காட்டினார்.

“‘நான் போய்ப் பார்க்கவில்லை.’ இப்படியே போடட்டுமா?”

“அப்படியே போடுங்க” என்றேன்.